மூன்றா, நான்கா, இரண்டேகாலா? தொகுதி மறுவரையறையில் டெல்டா எதைக் கேட்க வேண்டும்

தொகுதி மறுவரையறை, அதாவது மக்கள்தொகைப்படி தொகுதிகளின் எண்ணிக்கையையும் எல்லைகளையும் மாற்றி வகுப்பது, பற்றிய பேச்சு தமிழ்நாட்டில் 39 என்ற நம் மக்களவை இடங்களின் எண்ணைச் சுற்றியே நடக்கிறது. அது குறையுமா, நிற்குமா என்பதுதான் மேடைகளிலும் தொலைக்காட்சி விவாதங்களிலும் கேட்கப்படுகிறது. காவிரிப் படுகையில் வாழும் நமக்கு 3 என்ற எண்ணும் முக்கியம். தஞ்சாவூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை ஆகிய மூன்று மக்களவைத் தொகுதிகளும் அவற்றுக்குள் அடங்கிய 18 சட்டமன்றத் தொகுதிகளும் நம்முடையவை. மாநிலத்தின் 39 பத்திரமாக இருக்க, நம்முடைய மூன்று மட்டும் சுருங்குவது நடக்கக்கூடிய காரியம். 2008இல் சட்டமன்றத் தொகுதிகளில் அது நடந்தே விட்டது.

ஆகவே “மறுவரையறை வேண்டாம்” என்று ஒற்றை வரியில் தீர்மானம் போடுவது டெல்டாவுக்குப் போதாது. விவசாய சங்கங்களும் வணிகர் சங்கங்களும் கிராம சபைகளும் நம் எம்.பி.க்களிடம் எதை வலியுறுத்துவது என்று முடிவு செய்வதற்கு முன், கண்ணுக்குத் தெரியும் வழிகளை அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். இந்தக் கட்டுரை அதற்காகத்தான்.

முதலில் சட்டத்தின் நிலை. மக்கள்தொகைக்கும் மக்களவை இடங்களுக்கும் உள்ள விகிதம் எல்லா மாநிலங்களுக்கும் கூடியவரை ஒன்றாக இருக்க வேண்டும் என்கிறது அரசமைப்புச் சட்டத்தின் 81ஆவது பிரிவு. ஒவ்வொரு கணக்கெடுப்புக்குப் பிறகும் அதைச் சரிசெய்ய வேண்டும் என்கிறது 82ஆவது பிரிவு. அப்படிச் சரிசெய்தபோதுதான் 1962 தேர்தலில் 41 ஆக இருந்த நம் இடங்கள் 1967இல் 39 ஆகின. 1976இல், நெருக்கடி நிலைக் காலத்தில் வந்த 42ஆவது திருத்தம், 1971 கணக்கெடுப்பின்படி அமைந்த பங்கீட்டை 2000க்குப் பிந்தைய முதல் கணக்கெடுப்பு வரை நிறுத்திவைத்தது. 2002இல் நடைமுறைக்கு வந்த 84ஆவது திருத்தம் அந்தக் கெடுவை 2026க்குப் பிந்தைய முதல் கணக்கெடுப்பு வரை நீட்டித்தது. குடும்பக் கட்டுப்பாட்டில் முன்னே சென்ற மாநிலங்கள் அதற்காகத் தண்டிக்கப்படக் கூடாது என்பதே இரண்டு முறையும் சொல்லப்பட்ட காரணம். இப்போது அறிவிக்கப்பட்டிருக்கும் கணக்கெடுப்பின் அடிப்படை நாள் 2027 மார்ச் 1. அதாவது, கெடு முடிகிற கணக்கெடுப்பு இதுதான்.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. எதுவுமே செய்யாமல் இருந்தால் இன்றைய நிலை தொடரும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. 84ஆவது திருத்தத்தின் தடை, கெடு முடிந்ததும் தானாக விலகிவிடும். பிறகு 82ஆவது பிரிவு பழையபடி உயிர்பெறும். மறுவரையறை ஆணையம் அமைக்கும் சட்டத்துக்குச் சாதாரணப் பெரும்பான்மையே போதும். தடையை நீட்டிப்பதற்கோ, மாநிலங்களுக்கு 530, ஒன்றியப் பகுதிகளுக்கு 20 என்ற உச்சவரம்பைத் தாண்டி மக்களவையைப் பெரிதாக்குவதற்கோதான் அரசமைப்புத் திருத்தமும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவும் தேவை. மாநிலங்களின் பிரதிநிதித்துவத்தைத் தொடும் திருத்தம் என்றால் பாதி மாநிலச் சட்டமன்றங்களின் ஒப்புதலும் வேண்டும். ஆக, நமக்கு மிகக் கெடுதலான வழிதான் எந்த முயற்சியும் இல்லாமல் வந்து சேரக்கூடிய வழி.

அது என்ன வழி? மக்களவையில் 543 இடங்களையே வைத்துக்கொண்டு, புதிய மக்கள்தொகைப்படி பிரிப்பது. 2027இன் எண்கள் கையில் இல்லாததால் 2011இன் எண்களை வைத்துக் கணக்குப் போடலாம். நாடு 121 கோடி, தமிழ்நாடு 7.21 கோடி. நம் பங்கு 6 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. 543இல் அது 32 இடங்கள். ஏழு இடம் போய்விடும். கேரளத்தின் 20 இடங்கள் 15 ஆகும். உத்தரப் பிரதேசத்தின் 80 இடங்கள் 90ஐ நெருங்கும், பிகாரின் 40 இடங்கள் 47 ஆகும். கர்நாடகம் 28இலிருந்து 27க்கு வந்து அநேகமாக அப்படியே நிற்கும். இந்தக் கடைசி எண்ணைத் தென்னகம் முழுவதையும் ஒரே கூட்டாகப் பார்ப்பவர்கள் கவனிப்பதில்லை. காவிரிக்காரர்கள் கவனிக்க வேண்டும். மாநில எல்லையில் காவிரி நீரை அளக்கும் பிலிகுண்டுலுவில் ஆண்டுக்கு 177.25 டிஎம்சி என்று உச்ச நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்த பிறகும், ஒவ்வொரு பற்றாக்குறை ஆண்டிலும் டெல்லியில்தான் வாதாட வேண்டியிருக்கிறது. அங்கே 39க்கு 28 என்று இருக்கும் நிலை 32க்கு 27 என்று மாறும்.

இந்த வழியில் டெல்டாவுக்கு என்ன மிஞ்சும்? தஞ்சாவூர், திருவாரூர், அன்றைய நாகப்பட்டினம் (மயிலாடுதுறை அப்போது அதில்தான் இருந்தது) மூன்றும் சேர்ந்து 2011இல் 52.87 லட்சம் பேர். 32 இடங்கள் என்றால் ஒரு தொகுதிக்கு 22.5 லட்சம் பேர். நமக்கு இரண்டு முழுத் தொகுதிகளும் மூன்றில் ஒரு பங்கும் வரும். அந்த மூன்றில் ஒரு பங்கு தனித்து நிற்க முடியாது. திருச்சியோடோ சிதம்பரத்தோடோ ராமநாதபுரத்தோடோ ஒட்டவைக்கப்படும்.

இரண்டாவது வழி, மாநிலங்களுக்கு இடையிலான பங்கீட்டை மேலும் பல ஆண்டுகளுக்கு நிறுத்திவைப்பது. 2025 மார்ச் 5 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் சென்னையில் கூட்டிய அனைத்துக்கட்சிக் கூட்டம் கேட்டது இதைத்தான்: 2026இலிருந்து 30 ஆண்டுகள். அதே மாதம் 22ஆம் தேதி கேரளம், தெலங்கானா, பஞ்சாப் முதல்வர்களும் கர்நாடகத் துணை முதல்வரும் கலந்துகொண்ட கூட்டு நடவடிக்கைக் குழு 25 ஆண்டுகள் கேட்டது. எண்ணிக்கையை அப்படியே காப்பதில் இதைவிட உறுதியான வழி கிடையாது.

ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு, அதை நம் பக்கத்தில் யாரும் உரக்கச் சொல்வதில்லை. 2023 செப்டம்பரில் மக்களவை 454 வாக்குகளுக்கு 2 என்ற கணக்கில் நிறைவேற்றிய மகளிர் இடஒதுக்கீட்டுச் சட்டம், அதாவது 106ஆவது திருத்தம், மறுவரையறைக்குப் பிறகே நடைமுறைக்கு வரும் என்று எழுதப்பட்டிருக்கிறது. அந்த விவாதத்திலேயே கனிமொழி உள்ளிட்ட தமிழக உறுப்பினர்கள் ஏன் இந்த முடிச்சு என்று கேட்டார்கள். மறுவரையறையை முப்பது ஆண்டு தள்ளிவைத்தால், முடிச்சு அவிழ்க்கப்படாதவரை, மூன்றில் ஒரு பங்கு பெண்கள் என்ற வாக்குறுதியும் அதனோடு தள்ளிப்போகும். நடவுக்கும் களையெடுப்புக்கும் பெண்களின் கைகளையே நம்பியிருக்கும் ஒரு வட்டாரம் இதைச் சாதாரணமாக ஏற்றுக்கொள்ளக் கூடாது. நிறுத்திவைக்கக் கேட்பவர்கள், இந்த முடிச்சைப் போட்ட 334அ பிரிவைத் திருத்தி மகளிர் ஒதுக்கீட்டைத் தனியே விடுவிக்கவும் அதே மூச்சில் கேட்க வேண்டும்.

இந்த வழிக்கு எதிரான நேர்மையான வாதத்தையும் சொல்லிவிட வேண்டும். 2011 கணக்குப்படி பிகாரில் ஓர் எம்.பி. 26 லட்சம் பேருக்கு ஒருவர். தமிழ்நாட்டில் 18.5 லட்சம் பேருக்கு ஒருவர். பிகாரின் சீதாமடியில் வாக்களிக்கும் ஒரு கூலித் தொழிலாளிக்குத் தன் வாக்கின் எடை குறைவாக இருக்கிறது என்ற புகார் இருந்தால் அதை நாம் அலட்சியம் செய்ய முடியாது. என் பதில் வேறொரு இடத்திலிருந்து வருகிறது. அமெரிக்காவைப் போல மாநிலத்துக்கு இரண்டு பேர் என்ற மேலவை இங்கே இல்லை. நம் மாநிலங்களவையும் பெரும்பாலும் மக்கள்தொகையைப் பார்த்தே பிரிக்கப்பட்டது: உத்தரப் பிரதேசத்துக்கு 31, நமக்கு 18, பிகாருக்கு 16. இரண்டு அவைகளிலும் மாநிலம் என்ற அளவில் நமக்கு அரண் கிடையாது. அப்படியிருக்க, கீழவையில் உள்ள பங்கையும் விட்டுக்கொடு என்று கேட்பது கூட்டாட்சியின் அடித்தளத்தையே அசைப்பதாகும்.

மூன்றாவது, நான்காவது வழிகளை ஒன்றாகப் பார்க்க வேண்டும். ஏனென்றால் வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். இரண்டிலும் மக்களவை பெரிதாகிறது. புதிய நாடாளுமன்றக் கட்டடத்தின் மக்களவை மண்டபத்தில் 888 இருக்கைகள் போடப்பட்டிருக்கின்றன, அதனால் இது வெறும் கற்பனைப் பேச்சு அல்ல. கணக்குக்காக ஒன்றரை மடங்கு, அதாவது 815 என்று வைத்துக்கொள்வோம்.

மூன்றாவது வழியில் கூடுதல் இடங்கள் மக்கள்தொகைப்படி பிரிக்கப்படும். தமிழ்நாடு 39இலிருந்து 48 அல்லது 49க்கு உயரும். உத்தரப் பிரதேசம் 134ஐத் தாண்டும், பிகார் 70ஐத் தொடும். நான்காவது வழியில் இன்றுள்ள பங்கு மாறாமல் எல்லா மாநிலங்களுக்கும் ஒரே மடங்கு கூடும். தமிழ்நாடு 58, உத்தரப் பிரதேசம் 120, பிகார் 60.

2025 பிப்ரவரி 26 அன்று கோவையில் பேசிய உள்துறை அமைச்சர் அமித் ஷா, விகிதாச்சார அடிப்படையில் தென்மாநிலம் எதுவும் ஓர் இடத்தைக்கூட இழக்காது என்றார். உடனே எழுந்த கேள்வி, எதன் விகிதாச்சாரம் என்பது. இன்றைய இடங்களின் விகிதாச்சாரமா, மக்கள்தொகையின் விகிதாச்சாரமா? மூன்றாவது வழியிலும் தமிழ்நாடு ஓர் இடத்தைக்கூட இழக்கவில்லை, ஒன்பது பத்து இடம் கூடுகிறதே! ஆனால் அவையில் நம் பங்கு 7.18 சதவீதத்திலிருந்து 6 சதவீதத்துக்குக் கீழே போகிறது. 543இல் 32 என்றாலும் 815இல் 48 என்றாலும் வாக்கெடுப்பில் எடை ஒன்றேதான். முதல் வழியில் வலி உடனே தெரியும், மூன்றாவது வழியில் தெரியாது. அதனால்தான் மூன்றாவதை நான் கூடுதலாக அஞ்சுகிறேன். “இழப்பு இல்லை” என்ற சொல்லைக் கேட்டுத் தீர்மானம் போடுவதை நிறுத்தும் சங்கங்கள் இதைக் கவனிக்க வேண்டும். பார்க்க வேண்டியது சதவீதத்தை, எண்ணிக்கையை அல்ல.

2025 மார்ச் 20 அன்று திமுக எம்.பி.க்கள் “நியாயமான மறுவரையறை” என்ற முழக்கம் அச்சிட்ட சட்டையோடு அவைக்கு வந்தார்கள். அவைத்தலைவர் உடையை ஆட்சேபித்தார், அவை ஒத்திவைக்கப்பட்டது. கவனம் ஈர்க்க அது உதவியது, மறுக்கவில்லை. ஆனாலும் அரசின் வாயிலிருந்து சூத்திரத்தை வரவழைக்கும் இடம் கேள்வி நேரமும் மசோதாவின் பிரிவு வாரியான விவாதமும்தான். “இன்றைய பங்கு 81ஆவது பிரிவிலேயே எழுதப்படுமா?” என்ற ஒரே கேள்விக்கு ஆம், இல்லை என்ற பதில் அவைக் குறிப்பில் ஏற வேண்டும். மேடையில் சொன்ன உறுதிமொழியை ஆணையம் படிக்காது, சட்டத்தின் வரிகளைத்தான் படிக்கும்.

நான்காவது வழியின் குறை என்ன? அவை பெருத்தால் ஒவ்வொருவருக்கும் கிடைக்கும் நேரம் சுருங்கும். வாய்மொழியாகப் பதில் கிடைக்கும் நட்சத்திரக் குறியிட்ட கேள்விகள் ஒரு நாளைக்கு 20தான். 815 பேர் அந்த இருபதுக்குக் குலுக்கலில் நிற்பார்கள். நம் வட்டாரத்துக்கு இது சிறிய விஷயமல்ல. கொள்முதல் நிலையத்தில் நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டலாமா என்பதை மத்திய உணவுத் துறை முடிவு செய்கிறது. 2023இல் வடசேரி, மைக்கேல்பட்டி, சேத்தியாத்தோப்புக் கிழக்கு ஆகிய நிலக்கரி வட்டாரங்கள் ஏலப் பட்டியலில் வந்ததும், ஏப்ரலில் அவை நீக்கப்பட்டதும் டெல்லியில் எடுக்கப்பட்ட முடிவுகள். பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தை 2020இல் நம் சட்டமன்றம் இயற்றியிருந்தும், எண்ணெய், எரிவாயு உரிமங்கள் ஒன்றிய அரசின் கையில்தான் இருக்கின்றன. கேள்வி கேட்கும் நேரம் குறைந்தால் அதை முதலில் உணர்வது நம்மைப் போன்ற வட்டாரம்தான். இருந்தாலும் தொகுதி சிறிதாவதில் உள்ள லாபம் பெரிது. 18.5 லட்சம் பேருக்கு ஓர் எம்.பி. என்பது 12.4 லட்சம் பேருக்கு ஒருவர் என்றாகும். டெல்டாவின் கணக்கு 4.25, அதாவது நான்கு தொகுதிகள் முழுதாக. மகளிர் ஒதுக்கீடும் தாமதமில்லாமல் வரும்.

இனி ஐந்தாவது வழி. நம் வீட்டு வாசலில் நிற்பது இதுதான்: மாநிலத்தின் எண்ணிக்கையைத் தொடாமல், மாநிலத்துக்குள் மட்டும் எல்லைகளைப் புதிய மக்கள்தொகைப்படி மாற்றுவது. 2003இன் 87ஆவது திருத்தத்துக்குப் பிறகு நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான ஆணையம் 2001 கணக்கை வைத்து இதைத்தான் செய்தது. தமிழ்நாடு 39, 234 என்ற எண்கள் மாறவில்லை. மாநிலம் எதையும் இழக்கவில்லை என்று எல்லோரும் நிம்மதியாக இருந்தார்கள். டெல்டா இழந்தது. வலங்கைமான், திருவோணம், குத்தாலம் என்ற மூன்று சட்டமன்றத் தொகுதிகள் மறைந்தன, கீழ்வேளூர் ஒன்று புதிதாக வந்தது. இருபது பதினெட்டாயிற்று.

மறுபடியும் அதே கணக்கைப் போட்டால் என்ன ஆகும்? 2001க்கும் 2011க்கும் இடையில் தமிழ்நாட்டு மக்கள்தொகை 15.6 சதவீதம் கூடியது. டெல்டா மாவட்டங்களில் கூடியது எட்டரை சதவீதம் மட்டும். அதே பத்தாண்டில் அன்றைய காஞ்சிபுரம் மாவட்டம் சுமார் 39 சதவீதமும் திருவள்ளூர் 35 சதவீதமும் வளர்ந்தன. நாம் பிள்ளைகளைக் குறைவாகப் பெற்றோம் என்பது மட்டும் இதற்குக் காரணமல்ல. பெற்ற பிள்ளைகள் திருப்பூருக்கும் சென்னைப் புறநகருக்கும், சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் போய்விட்டார்கள். போனவர்கள் போன இடத்தில் எண்ணப்படுகிறார்கள், வெளிநாடு போனவர்கள் எங்குமே எண்ணப்படுவதில்லை. 234 இடங்களை 2011 எண்ணிக்கைப்படி பிரித்தால் நமக்கு 17. மக்களவையில் 2.86. இந்தப் போக்கு 2027 வரை தொடர்ந்திருந்தால் இன்னும் கீழே.

இங்கே நமக்கு ஒரு தர்மசங்கடம் இருக்கிறது, அதைத் தாண்டிப்போகக் கூடாது. டெல்லியிடம் எண்ணிக்கையை மட்டும் பார்க்காதே என்று வாதாடும் நாம், சென்னையிடமும் அதே வாதத்தை வைக்கலாமா? சோழிங்கநல்லூரில் ஒரு வாக்காளரின் எடை திருவையாற்று வாக்காளரின் எடையைவிடக் குறைவாக இருப்பது நியாயமா? நியாயமில்லை என்றுதான் நினைக்கிறேன். மாநிலங்களுக்கு இடையே உள்ளது அரசுகளுக்கு இடையிலான உடன்பாடு. மாநிலத்துக்குள் உள்ளது ஒரே அரசின் குடிமக்கள் கணக்கு. இரண்டையும் குழப்பினால் நம் முதல் வாதமே வலுவிழக்கும். அங்கே சோழிங்கநல்லூரில் இருப்பவர்களில் பாதிப் பேருக்குச் சொந்த ஊர் நம் பக்கம் என்றுகூட வைத்துக்கொள்ளலாம், அவர்கள் வாக்கைக் குறைத்து நம் வாக்கைக் கூட்டுவதில் என்ன பெருமை?

ஆனால் மாநிலத்துக்குள் சமமான எண்ணிக்கை என்ற விதியை மீறாமலே நாம் கேட்கக்கூடியவை மூன்று உண்டு. ஒன்று, சட்டமன்றத்தின் அளவு. 170ஆவது பிரிவு ஒரு மாநிலச் சட்டமன்றத்துக்கு 500 வரை இடமளிக்கிறது. நாம் 1967இலிருந்து 234இலேயே நிற்கிறோம். மக்களவை ஒன்றரை மடங்கானால் சட்டமன்றமும் அதே மடங்கில் 351 ஆகலாம். அப்போது நம் பங்கு ஏறக்குறைய 26. குத்தாலமும் வலங்கைமானும் திருவோணமும் மீண்டும் வரைபடத்தில் ஏற இடம் கிடைக்கும். மற்ற மாவட்டம் எதனிடமிருந்தும் ஓர் இடத்தைக்கூடப் பிடுங்கத் தேவையில்லை.

இரண்டு, தனித் தொகுதிகள். திருவாரூர் மாவட்டத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பட்டியல் சாதியினர். பழைய நாகை மாவட்டத்திலும் ஏறக்குறைய அதே அளவு. நாகப்பட்டினம் மக்களவைத் தொகுதியும், சட்டமன்றத்தில் சீர்காழி, திருவிடைமருதூர், கீழ்வேளூர், திருத்துறைப்பூண்டி நான்கும் இன்று தனித் தொகுதிகள். இடங்கள் குறையும் எந்த வழியிலும், எல்லையை இழுத்துப் பிடிக்கும்போது இந்தச் சமநிலை கலையும். 2008இல் மறைந்த வலங்கைமான் ஒரு தனித் தொகுதி என்பதை மறந்துவிடக் கூடாது. எத்தனை தனித் தொகுதிகள், எங்கே என்பதை நம் மனுக்கள் எண்களோடு கேட்க வேண்டும்.

மூன்றாவது, எல்லை எங்கே ஓடுகிறது என்பது. இதைப் பற்றித்தான் மிகக் குறைவாகப் பேசப்படுகிறது, நம்மால் மிக அதிகமாகச் சாதிக்க முடிவதும் இதில்தான். 2002ஆம் ஆண்டின் மறுவரையறைச் சட்டத்தின் 9ஆவது பிரிவு, தொகுதிகள் கூடியவரை ஒட்டிய நிலப்பரப்பாக இருக்க வேண்டும், இயற்கை அமைப்பையும் நிர்வாக எல்லைகளையும் போக்குவரத்து வசதியையும் மக்களின் சௌகரியத்தையும் பார்க்க வேண்டும் என்கிறது. இன்று எப்படி இருக்கிறது? மன்னார்குடி திருவாரூர் மாவட்டத்தில், எம்.பி. தஞ்சாவூருக்கு. கும்பகோணம், பாபநாசம், திருவிடைமருதூர் தஞ்சாவூர் மாவட்டத்தில், எம்.பி. மயிலாடுதுறைக்கு. ஆட்சியர் ஒரு பக்கம், எம்.பி. இன்னொரு பக்கம். இதனால் பெரிய கெடுதல் இல்லை என்று சிலர் சொல்வார்கள். மாவட்ட எல்லையைப் பொறுத்தவரை எனக்கும் பெரிய ஆட்சேபம் இல்லை.

ஆனால் நீரின் எல்லை வேறு. கல்லணையில் பிரியும் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்ற மூன்று பாசன அமைப்புகளே டெல்டாவின் உண்மையான வரைபடம். இன்றைய மூன்று தொகுதிகள் ஓரளவு இதையே ஒத்திருக்கின்றன. மயிலாடுதுறைத் தொகுதி பெருமளவு காவிரிப் பாசனம். நாகப்பட்டினம் பெருமளவு வெண்ணாற்றின் கடைமடை. தஞ்சாவூர்த் தொகுதியில் ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணி மூன்றும் கல்லணைக் கால்வாயை நம்பியவை. ஜூன் 12இல் மேட்டூர் திறந்து கடைமடைக்கு நீர் வருவதற்குள் நடக்கும் முறைப்பாசனச் சண்டையில், தலைமடையும் கடைமடையும் ஒரே எம்.பி.யின் வாக்காளர்களாக இருந்தால் அவர் இரண்டு பக்கத்துக்கும் பதில் சொல்லியாக வேண்டும். தொகுதியை இரண்டேகாலாகச் சுருக்கி மிச்சத்தை வெளியே ஒட்டினால் முதலில் துண்டிக்கப்படுவது கடைமடைதான்.

இதை ஊகமாகச் சொல்லவில்லை, அடுத்த வீட்டில் நடந்திருக்கிறது. 2008 வரை புதுக்கோட்டை ஒரு மக்களவைத் தொகுதி. மறுவரையறை அதை அழித்தது. மாவட்டத்தின் ஆறு சட்டமன்றத் தொகுதிகளும் நான்கு மக்களவைத் தொகுதிகளுக்குப் பிய்த்துக் கொடுக்கப்பட்டன: புதுக்கோட்டையும் கந்தர்வகோட்டையும் திருச்சிக்கு, விராலிமலை கரூருக்கு, திருமயமும் ஆலங்குடியும் சிவகங்கைக்கு, அறந்தாங்கி ராமநாதபுரத்துக்கு. கல்லணைக் கால்வாயின் கடைமடை அறந்தாங்கிப் பக்கம் வரை போகிறது. பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலத்தில் அந்த வட்டாரமும் இருக்கிறது. அந்த விவசாயி தண்ணீருக்காக முறையிட வேண்டிய எம்.பி. ராமநாதபுரத்தில் இருக்கிறார், அவருடைய தொகுதியின் பெரும்பகுதி வைகையையும் கடலையும் பார்த்து வாழ்கிறது. யாருடைய தவறும் அல்ல, எல்லைக்கோடு அப்படி. ஒரு மாவட்டத் தலைநகரம் தன் பெயரில் எம்.பி. இல்லாமல் இருப்பதைப் பார்த்த பிறகும் டெல்டா விழித்துக்கொள்ளவில்லை என்றால் எப்படி?

இவ்வளவையும் எடைபோட்டு என் முடிவைச் சொல்கிறேன். டெல்டா முதலில் கேட்க வேண்டியது நான்காவது வழி, ஒரு நிபந்தனையோடு: இன்றைய மாநிலப் பங்கு 81ஆவது பிரிவின் வாசகத்திலேயே எழுதப்பட வேண்டும், சட்டமன்றமும் அதே மடங்கில் பெரிதாக வேண்டும். அந்த வாசகம் கிடைக்காது என்று தெளிவாகிவிட்டால் இரண்டாவது வழியை, மகளிர் ஒதுக்கீட்டை விடுவிக்கும் திருத்தத்தோடு சேர்த்து, ஆதரிக்க வேண்டும். மூன்றாவது வழிக்கு எந்த வடிவிலும் வாக்களிக்கக் கூடாது என்று நம் மூன்று எம்.பி.க்களிடமும் எழுத்தில் வாங்க வேண்டும். இரண்டாவது வழி வென்றாலும் ஐந்தாவது வழி பின்னாலேயே வரும் என்பதை மறக்க வேண்டாம். தடையை நீட்டிக்கும் திருத்தம் மாநிலத்துக்குள் எல்லை மாற்றத்தையும் தடுக்கிறதா, 2003போல அதை மட்டும் திறந்துவிடுகிறதா என்று வரி வரியாகப் பார்க்க வேண்டும். பலர் என்னோடு உடன்படாமல் இரண்டாவது வழியை முதலில் வைக்கலாம், அதில் நியாயம் உண்டு. மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு இரண்டுக்குமே தேவை என்பதால், எதை அடைவது எளிது என்பதில் பெரிய வேறுபாடு இல்லை.

ஆணையம் அமைந்த பிறகு நேரம் மிகக் குறைவு. முந்தைய சட்டத்தின்படி ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஐந்து எம்.பி.க்கள், ஐந்து எம்.எல்.ஏ.க்கள் இணை உறுப்பினர்களாக இருந்தார்கள், அவர்களுக்கு வாக்குரிமை இல்லை. வரைவு வெளியாகும், ஆட்சேபங்கள் பெறப்படும், பொது விசாரணை நடக்கும், பிறகு ஆணை. அந்த ஆணை நாடாளுமன்றத்தின் முன் வைக்கப்படும், ஆனால் ஒரு கமாவைக்கூட அவை மாற்ற முடியாது. நீதிமன்றத்தில் அதைக் கேள்வி கேட்க 329ஆவது பிரிவு தடை போடுகிறது. அப்பட்டமாகத் தன்னிச்சையான ஆணையை மட்டும் பார்க்கலாம் என்று 2024இல் உச்ச நீதிமன்றம் சற்றே கதவைத் திறந்தது, அவ்வளவுதான்.

அதனால் வரைவு வந்த பிறகு கூடிப் பேசுவோம் என்று காத்திருக்க முடியாது. கணக்கெடுப்பின்போது வழக்கமாக வீட்டில் வசிக்கும் எவரும், வேலைக்குச் சில நாள் வெளியூர் போனவர் உட்பட, விடுபடாமல் பார்த்துக்கொள்வது ஊராட்சிகளின் முதல் வேலை. இணை உறுப்பினர்கள் பத்துப் பேரில் டெல்டாவிலிருந்து குறைந்தது ஓர் எம்.பி.யும் ஓர் எம்.எல்.ஏ.வும் இருக்க வேண்டும் என்று இப்போதே கேட்பது அடுத்தது. பாசனச் சங்கங்கள் தங்கள் ஆறு, கிளை வாய்க்கால், அதன் தலைப்பு, கடைசி மதகு, அதில் பாயும் வருவாய் கிராமங்கள் என்று பட்டியல் எடுத்து, 9ஆவது பிரிவின் “இயற்கை அமைப்பு” என்ற சொல்லின் கீழ் அதை மனுவாக்கி வைத்துக்கொள்ள வேண்டும். அந்த மனுவில் பேராவூரணிக்குத் தெற்கே அறந்தாங்கிப் பக்கத்துக் கல்லணைக் கால்வாய் கிராமங்களையும், கொள்ளிடத்துக்கு வடக்கே காட்டுமன்னார்கோயில் பக்கத்து வீராணம் பாசன கிராமங்களையும் நம்மோடு சேர்த்தே எழுத வேண்டும்.